சாய்ந்த கிரகமும் டில்லிக் குளிரும்

டில்லிக்கு நான் போனது, கிரகங்கள் சாய்ந்து நிற்பதைப் பற்றிப் பேசுவதற்காக. எண்பதுகளின் தொடக்கம், ஜனவரி மாதம். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தேன். அதற்கு முன் சென்னைக்கு வடக்கே கால் வைத்ததில்லை. ஸ்வெட்டரும் கிடையாது. கொடைக்கானலுக்குப் போய்வந்த சக ஆசிரியர் ஒருவர் தன்னுடையதை இரவல் கொடுத்தார். பச்சை நிறம். கை மணிக்கட்டு வரை வராது.

ஆக்ரா தாண்டியதும் ரயில் மூடுபனிக்குள் நுழைந்தது. ஜன்னலுக்கு வெளியே வயலும் இல்லை, மரமும் இல்லை, வெள்ளை மட்டும்தான். வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளக் காலால் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எதிர் இருக்கையில் இருந்த ராணுவத்துக்காரர், அவரும் தமிழர்தான், வேலூர்ப் பக்கம், "இன்னும் நாலு மணி நேரம் லேட்டு சார், நல்லாத் தூங்குங்க" என்றார். ஆறு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

என்னோடு படித்த சண்முகம் முனிர்காவில் ஒரு அறை எடுத்திருந்தான். ஏதோ ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கிராமத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டதால் நடுவில் மாட்டிக்கொண்ட இடம் முனிர்கா. ஒரு சந்தில் எருமை நிற்கும், அடுத்த சந்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தாடியோடு நின்று உலகத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஹுக்கா பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். சண்முகத்திடம் ஹிந்தியில் ஏதோ சொன்னாள். "என்னடா சொல்றாங்க?" என்றேன். "இந்த ஸ்வெட்டரோட ஒன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பினா பொணமாத்தான் போய்ச் சேருவேன்னு சொல்றாங்க" என்றான். சொல்லிவிட்டு அந்த அம்மாளே உள்ளே போய்த் தன் மகனுடைய பழைய கோட்டு ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள்.

அன்று சாப்பிட்டது முள்ளங்கி வைத்த பரோட்டா. நம் ஊர்ப் பரோட்டாவோடு பெயர்தான் ஒற்றுமை. கோதுமை மாவுக்குள் துருவிய முள்ளங்கியும் பச்சை மிளகாயும் வைத்துத் தட்டி, நெய்யில் வாட்டி, மேலே ஒரு வெண்ணெய்க் கட்டி. நம் ஊரில் முள்ளங்கியைச் சாம்பாரில் போட்டாலே பாதிப் பேர் ஒதுக்கிவைப்பார்கள். நான் நான்கு சாப்பிட்டேன். குளிர் பசியைக் கிளப்பும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். வயிற்றுக்குத் தெரிந்தது அன்றுதான்.

இனி நான் எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் பையில் பதினெட்டுப் பக்கம் டைப் அடித்த கட்டுரை இருந்தது. விஷயம் பெரிய சிக்கலானது இல்லை. பூமி நேராக நின்று சுற்றவில்லை. இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்தபடி சுற்றுகிறது. அதனால்தான் கோடையும் குளிரும் மாறி மாறி வருகின்றன. வருஷம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் துருவங்களுக்கு வெயில் குறைவு, நடுக்கோட்டுக்கு அதிகம். எனவே ஐஸ் துருவத்தில் இருக்கிறது. சாய்வு கூடிக்கொண்டே போனால் துருவத்துக்குக் கிடைக்கும் வெயிலும் கூடும். ஐம்பத்து நான்கு டிகிரியைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். துருவம் நடுக்கோட்டைவிட அதிக வெயில் வாங்கும். அப்படி ஒரு கிரகம் இருந்தால் அதன் ஐஸ், தலையில் தொப்பி மாதிரி இல்லாமல் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி இருக்கும் என்பது என் கட்டுரையின் முடிவு. கற்பனைக் கிரகங்கள்தானே என்று தோன்றலாம். ஆனால் யுரேனஸ் படுத்துக்கொண்டே சுற்றுகிறது. செவ்வாயின் சாய்வு பல லட்சம் வருஷங்களில் நிறையக் கூடிக் குறையும் என்று அப்போது கணக்குப் போட்டிருந்தார்கள்.

கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. என் பெயர். இரண்டு இருந்திருக்க வேண்டும்.

வசந்தா எங்கள் கல்லூரியில் கணிதத் துறையில் இருந்தவர். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். இந்தக் கேள்வி என்னுடையது, கணக்கு அவருடையது. பத்து டிகிரிக்கு ஒரு அட்சரேகை, ஐந்து டிகிரிக்கு ஒரு சாய்வு என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வருஷத்தில் எவ்வளவு வெயில் விழும் என்று இரண்டு வருஷம் உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டார். கல்லூரியில் கணிப்பொறி கிடையாது. மதியம் ஆசிரியர் ஓய்வறையில் மற்றவர்கள் தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மூலையில் லாகரிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருப்பார். பிறகு கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்கு டில்லியில் மத்திய அரசு வேலை. வசந்தா வேலையை விட்டுவிட்டுப் போனார். போகும்போது அட்டவணைகளையெல்லாம் என்னிடம் கொடுத்தார். "எழுதி முடிங்க சார். எங்க வேணும்னாலும் அனுப்புங்க" என்றார்.

எழுதி முடித்தேன். எங்கள் துறைத் தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஒத்தப் பேராப் போடுங்க. ரீடர் புரமோஷனுக்கு அதுதான் நல்லது. அந்தம்மாதான் வேலைய விட்டுப் போயிட்டாங்களே, அவங்களுக்கு இது எதுக்கு?" என்றார். அவர் சொன்னார் என்பது உண்மை. டைப் அடிக்கக் கொடுத்தது நான்.

மறுநாள் வசந்தா குடியிருந்த ஆர்.கே.புரத்துக்கு நடந்தே போனேன். கருத்தரங்குக்கு வருவதாக முன்பே அவருக்குக் கடிதம் போட்டிருந்தேன். முனிர்காவிலிருந்து சாலையைக் கடந்தால் அரசுக் குடியிருப்புகள். எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள் சுண்ணாம்பு. எண் தெரியாவிட்டால் அவரவர் வீட்டை அவரவரே கண்டுபிடிக்க முடியாது. கீரை விற்றுக்கொண்டிருந்தவரிடம் எனக்குத் தெரிந்த நான்கு ஹிந்தி வார்த்தைகளில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "மதராஸியா? அப்படியானால் அந்த மூன்றாவது பிளாக். அங்கேயிருந்துதான் காலையில் கடுகு வெடிக்கும் வாசனை வரும்" என்று பாதி சைகையில் சொல்லிக் கையைக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்ததும் வசந்தா கையைத் தட்டிச் சிரித்தார். "வாங்க சார், வாங்க! எப்ப வந்திய? இந்தக் குளிர்ல மப்ளர்கூட இல்லாம வந்திருக்கியளே!" அவர் பின்னாலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று தலையை நீட்டியது. "அம்மா, யே கௌன்?" என்றது. "தமிழ்ல கேளு" என்றார் வசந்தா. குழந்தை யோசித்துப் பார்த்து, "இந்த அங்கிள் யாரு ஹை?" என்றது. மூவரும் சிரித்தோம். எனக்கு உள்ளே கொஞ்சம் பயம் தெளிந்தது.

பால்கனியில் வெயில் விழுகிற இடத்தில் நாற்காலி போட்டார். டில்லியில் ஜனவரி மாதம் விருந்தாளிக்குக் கொடுக்கும் பெரிய மரியாதை அதுதான். நம் ஊரில் வெயிலில் உட்காரச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பக்கத்துப் பால்கனிகளிலெல்லாம் பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டும் கம்பளி பின்னிக்கொண்டும் இருந்தார்கள். சூரியன் நகர நகர அவர்களுடைய நாற்காலிகளும் நகர்ந்தன. ரவா உப்புமாவும் காரட் அல்வாவும் வந்தன. டில்லிக் காரட் செக்கச் செவேலென்று பீட்ரூட் மாதிரி இருந்தது. அந்த நிறத்தில் காரட்டை நான் பார்த்ததேயில்லை.

"நம்ம பேப்பர் எங்க சார்? கொண்டாந்திருக்கியளா?" என்றார்.

நம்ம பேப்பர். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கை காலடியில் இருந்த பையைத் தொட்டது. கட்டுரை அதற்குள்தான் இருந்தது.

"காப்பி எல்லாம் கருத்தரங்கக்காரங்ககிட்டக் குடுத்தாச்சு" என்றேன்.

"அதனால என்ன, பொறவு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கையில் நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றோடு வந்தார். "நான் சும்மா இருக்கல சார். இவளைத் தூங்கவச்சிட்டு மத்தியானத்துல கொஞ்சம் கொஞ்சமாப் போட்டேன்."

நோட்டைத் திறந்தேன். பழைய அட்டவணைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் பன்னிரண்டாகப் பிரிந்திருந்தது. மாதத்துக்கு ஒன்று. கடைசிப் பக்கங்களில் எந்தச் சாய்வில் எவ்வளவு ஐஸ் மிஞ்சும் என்றும் போட்டிருந்தார்.

"சொல்லுதேன், கோவிச்சுக்காதிய. நாம ரெண்டு பேரும் ஒரு தப்புப் பண்ணிட்டோம். வருஷத்துக்குச் சராசரி எடுத்துட்டோம். திருநெல்வேலியில இருக்கிறவரைக்கும் அது எனக்கு உறைக்கல. அங்க எல்லா மாசமும் வெயில்தானே? இங்க வந்து மொதல் மே மாசம் பாத்தேன். சுவத்தைத் தொட முடியல. இப்ப ஜனவரியில பாருங்க, தண்ணியத் தொட முடியல. டில்லியோட வருஷச் சராசரியக் கணக்குப் பாத்தா சொர்க்கம் சார். ஆனா சராசரியில யாரு குடியிருக்கா?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"ரொம்பச் சாஞ்ச கிரகத்துல துருவத்துக்கு ஆறு மாசம் இருட்டு. அப்ப ஐஸ் எவ்வளவு வேணும்னாலும் கட்டும். அடுத்த ஆறு மாசம் சூரியன் இறங்காம தலைக்கு மேல நிக்கும். மொத்தமும் உருகிரும். நடுக்கோட்டுலயும் வருஷத்துக்கு ரெண்டு தடவ சூரியன் உச்சிக்கு வந்து அடிக்கும். நீங்க சொல்லுத ஒட்டியாணம் அப்படி லேசா நிக்காது. ஐஸ் எங்க உண்டாகுதுன்னு பாத்தா போதாது சார். கோடையத் தாண்டி எங்க பொழைக்குதுன்னு பாக்கணும். ஒரு கோடையில கொஞ்சம் மிச்சம் நின்னுட்டா, அந்த வெள்ளை வெயிலத் திருப்பி அடிச்சிரும். இன்னும் குளிரும். அடுத்த வருஷம் இன்னும் நிக்கும். அப்புறம் திடீர்னு முக்காக் கிரகமும் ஐஸாயிரும். நடுவுல எங்கயும் நிக்காது. பாத்தியளா, இங்க இந்த வரிசையில அப்படியே குதிக்குது."

பார்த்தேன். குதித்தது. பதினெட்டுப் பக்கத்தின் முடிவு தவறு என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் வெற்றியெல்லாம் இல்லை. நான்கு வருஷமாக யாரிடமும் பேச முடியாத ஒன்றைப் பேசிவிட்ட நிம்மதிதான் இருந்தது.

கணவர் ராமநாதன் அலுவலகத்திலிருந்து வந்தார். தஞ்சாவூர்க்காரர். மெலிந்த உடம்பு, காதை மூடிய குல்லாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்திதான் சார் இந்த வீட்டுல பேச்சு. கல்யாணம் ஆன புதுசுல பொண்டாட்டி ராத்திரி பகல்னு பேசுனா, என்ன பேசுறான்னு கேட்டா, செவ்வா கெரகத்துல ஐஸாம்!" என்று சிரித்தார். வழியில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்திருந்தார். என் கட்டுரைக்காக வேண்டிக்கொண்டாராம்.

மறுநாள் கருத்தரங்குக்கு வசந்தா வருவதாக இருந்தார். ஆனால் அன்று மாலையே குழந்தைக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது. குளிருக்குக் கரி அடுப்பு மூட்டி வைப்பதால் அந்த ஊரில் குழந்தைகளுக்கு அது சாதாரணம். "நீங்க நோட்டைக் கொண்டு போங்க சார். வேணும்ங்கிறத எடுத்துச் சொல்லுங்க. பொறவு குடுத்தாப் போதும்" என்றார். "எங்க ஆபீஸ் பக்கத்துலதான், நான் மத்தியானம் வந்துடறேன்" என்றார் ராமநாதன்.

திரும்பி வரும் வழியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். திரும்பிப் போகலாம் என்றும் நினைத்தேன். ஐந்து நிமிஷ நடைதான்.

மூன்றாம் நாள் கருத்தரங்கு. லோதி ரோட்டுப் பக்கம் ஓர் அரசு அரங்கு. விடிந்ததிலிருந்து முனிர்கா மாடியில் வெயிலில் உட்கார்ந்து நோட்டைப் படித்திருந்தேன். பேருந்தில் நின்றபடியும் படித்தேன். என்னை இடித்துக்கொண்டு நின்ற ஒருவர், "பரீட்சையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "இந்த வயதிலா?" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பேருந்தின் அந்தப் பகுதி முழுவதும் எனக்கு வழிவிட்டது.

என் முறை மதியத்துக்குச் சற்று முன்னால் வந்தது. என் பெயரை மட்டும் படித்தார்கள். எழுந்து போனேன். முதல் ஐந்து நிமிஷம் டைப் அடித்ததைப் படித்தேன். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனேன். வசந்தாவின் மாத அட்டவணையிலிருந்து மூன்று வரிசைகளை எழுதினேன். சராசரி எப்படி ஏமாற்றும், கோடையைத் தாண்டி ஐஸ் எங்கே பிழைக்கும், ஒரு கட்டத்தில் எப்படிக் குதிக்கும் என்று சொன்னேன். டில்லியின் மே மாதத்தையும் ஜனவரியையும்கூடச் சொன்னேன். அரங்கு சிரித்தது. அதுவும் அவருடையதுதான்.

முடிந்ததும் முன்வரிசையிலிருந்து நரைத்த தலை விஞ்ஞானி ஒருவர் எழுந்தார். பேச்சில் வங்காள வாடை. "நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மாதக் கணக்கு நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் இல்லையே. எப்போது செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இதைவிட நல்ல வாய்ப்பை எனக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. குற்றம் கண்டுபிடிக்க அவர் கேட்கவில்லை. உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார். செய்தது நானல்ல, இந்த ஊரில்தான் இருக்கிறார், ஆர்.கே.புரத்தில் மூன்றாவது பிளாக்கில், என்று சொல்ல அரை நிமிஷம் போதும்.

"சமீபத்தில்" என்றேன்.

கைதட்டினார்கள். இறங்கி வந்தபோதுதான் கடைசி வரிசையில் ராமநாதனைப் பார்த்தேன். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மடியில் டிபன் கேரியரும் இருந்தது.

வெளியே புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வசந்தா புளியோதரையும் அப்பளமும் கொடுத்து அனுப்பியிருந்தார். மற்றவர்களெல்லாம் உள்ளே பூரியும் கொண்டைக்கடலைச் சோளேயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராமநாதன் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு இதெல்லாம் புரியாது. வசந்தா பேரு எங்கயாவது வருமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வரல. நான் வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு. ஆரம்பத்துலயே சொல்லியிருப்பீங்க, இல்லையா? நான்தான் தவறவிட்டுட்டேன்."

அவர் எனக்காகவே ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதற்குள் நுழைந்தேன்.

"ஆமா. ஆரம்பத்துலயே சொன்னேன்."

"அச்சா, அச்சா! அதான் பாத்தேன்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஏதோ அலுவலகச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். "என்ன சொன்னீங்கன்னு அப்படியே சொல்லுங்க சார். வீட்டுல போய்ச் சொல்லணும். நான் மறந்துடுவேன்."

நான் சொன்னேன். "இந்த ஆராய்ச்சியின் கணக்குகள் அனைத்தும் திருமதி வசந்தா ராமநாதன் அவர்களுடையவை. அவர் இல்லாமல் இது இல்லை." வாய்க்குத் தடையில்லாமல் வந்தது. முன்பே எத்தனையோ முறை மனசுக்குள் எழுதிப் பார்த்த வரி. அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார். 'அனைத்தும்' என்ற இடத்தில் நிறுத்தி, "அனைத்தும்னா சொன்னீங்க?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

நான்காம் நாள் காலை, கருத்தரங்கில் கலந்துகொண்டதற்குச் சான்றிதழ் வாங்க மறுபடி லோதி ரோடு போனேன். திருத்திய கட்டுரையை ஒரு மாதத்துக்குள் அனுப்பச் சொன்னார்கள். தொகுப்பாக அச்சிடப் போகிறார்களாம். மாலை ரயில். நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சவுத் எக்ஸ்டென்ஷனில் முத்ரிகா பேருந்தில் ஏறினேன். ஊரைச் சுற்றி வளையமாகப் போகும் சாலையில் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்.கே.புரத்துக்கு மோத்தி பாக்கில் இறங்கி நடக்க வேண்டும். ஏறியதும் பக்கத்து இருக்கையில் இருந்த சர்தார்ஜியிடம் மோத்தி பாக் வந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

அவர் சொன்னார். ஒரு முறைக்கு இரண்டு முறையாகச் சொன்னார். "மோத்தி பாக் வந்துவிட்டது, எழுந்திருங்கள், ஜல்தி." நான் நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேருந்து கிளம்பிவிட்டது. "உங்கள் இடம் போய்விட்டதே பாய் சாப்!" என்று அவர் பதறினார். எனக்காக நடத்துநரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். பரவாயில்லை, அடுத்ததில் இறங்குகிறேன் என்றேன். அடுத்ததிலும் இறங்கவில்லை. சர்தார்ஜி ராஜௌரி கார்டனில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊருக்குப் புதியவன் வழி தெரியாமல் திகைக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

பஞ்சாபி பாக், ஆஸாத்பூர் காய்கறிச் சந்தை, வெளியூர்ப் பேருந்து நிலையம், செங்கோட்டை, யமுனைப் பாலத்து ஓரம் என்று டில்லி முழுவதும் ஜன்னலில் போயிற்று. ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான். ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி மோத்தி பாக் வந்தது. அப்போது இறங்கினேன். நேராக முனிர்காவுக்கு நடந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. ஒரு மணி நேரமாவது இருந்தது.

நோட்டைச் சண்முகத்திடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்த்துவிடச் சொன்னேன். "ஏன், நீயே குடுத்துட்டுப் போகலாமே, இந்தா இருக்கு" என்றான். பெட்டி கட்ட வேண்டும் என்றேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பை.

ஊருக்கு வந்த பத்தாம் நாள் வசந்தாவின் இன்லண்டு கடிதம் வந்தது. குழந்தைக்கு இருமல் சரியாகிவிட்டதாம். நோட்டு பத்திரமாகக் கிடைத்ததாம். "நீங்கள் அரங்கில் சொன்ன வரியை இவர் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினார். வேலையை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு என்று யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த வருத்தம் குறைந்த மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம் மேஜையில் இருக்கும்போதுதான் திருத்திய கட்டுரையை எழுதினேன். முனிர்காவிலேயே நோட்டிலிருந்து எழுதி வைத்துக்கொண்டிருந்த அவருடைய மாத அட்டவணைகளைச் சேர்த்தேன். முடிவை மாற்றினேன். முதல் பக்கத்தை மாற்றவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், கணக்குகளில் உதவியதற்காகத் திருமதி வசந்தாவுக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்தேன். உதவியதற்காக. அடுத்த ஜூனில் எனக்கு ரீடர் பதவி கிடைத்தது.

தொகுப்பு அச்சாகி வர ஒன்றரை வருஷமாயிற்று. இரண்டு பிரதிகள் அனுப்பியிருந்தார்கள். ஒன்றைக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்தேன். மற்றதை ஆர்.கே.புரம் முகவரிக்கு அனுப்பினேன். கூடவே நான்கு பக்கக் கடிதம். அரங்கில் சொல்லவில்லை, புல்தரையில் உங்கள் கணவரிடம் பொய் சொன்னேன், வீட்டுக்கு வந்த அன்றே கட்டுரை என் பையில்தான் இருந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். தபாலில் போட்ட பிறகு ராமநாதன் அந்தச் சீட்டை எங்கே வைத்திருப்பார், என் கடிதத்தை அவர் முன்னால் அவர் மனைவி எப்படிப் படிப்பார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டை வந்தது. அதே சிறிய, நேரான கையெழுத்து. 'அன்புள்ள' இல்லை, 'வணக்கம்' இல்லை.

"இரண்டாம் அட்டவணையில் ஏழாவது வரிசையும் எட்டாவது வரிசையும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. அப்படியே விட்டால் படிப்பவர்களுக்குக் குழப்பம் வரும். திருத்தவும். வசந்தா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் எழுதிய இரண்டு கடிதங்களில் ஒன்று, முகவரியாளர் மாற்றலாகிப் போய்விட்டார் என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அஞ்சலட்டை வந்த அன்று மதியம் நூலகத்துக்குப் போனேன். தொகுப்பை எடுத்து இரண்டாம் அட்டவணையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பேனாவால் அம்புக்குறி போட்டுத் திருத்தினேன். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி, என் பெயருக்கு மேலே இருந்த இடத்தில், கல்லூரியில் அவர் கையெழுத்துப் போட்டபடியே 'மு. வசந்தா' என்று எழுதினேன். மை காய்வதற்குள் நூலகர் வந்துவிட்டார். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். யாருடைய பெயர் என்று அவர் கேட்கவில்லை.

"நீங்களே புஸ்தகத்துல கிறுக்கினா, பசங்கள நான் எப்படி சார் கேக்கிறது?" என்றார்.